ஆவணியில ஹோர்ட்டன் சமவெளிச் சுற்றுப்பாதை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து போறவங்களுக்கு

வாவிக்கரை

ஆவணி லீவுக்குள்ள ஆறு பேர் ஒரு வானில ஹோர்ட்டன் சமவெளி போய், உலக முடிவு எண்ட செங்குத்துப் பள்ளத்தடியால போற சுற்றுப்பாதையை முழுசா நடக்கத் திட்டம். எல்லாரும் கல்லடி, நாவற்குடாப் பக்கம். கடற்கரை மணலில நடந்து பழக்கம், மலை பழக்கமில்ல. ரெண்டு பேர் ஐம்பது தாண்டினவங்க, ஒரு பிள்ளைக்கு ஒன்பது வயசு. ராவோட ராவா வெளிக்கிட்டு விடியக் கேற்றுக்குப் போறது சரிவருமா? ஓஹியப் பக்கக் கேற்றா, பட்டிப்பொலப் பக்கக் கேற்றா? அந்த மாதம் அங்க மழையா வெயிலா எண்டு ஆளுக்கொரு கதை சொல்றாங்க. தெரிஞ்சவங்க விளக்கமாச் சொல்லுங்க.

வெள்ளாப்பு

தம்பி, பாதை கஷ்டமில்ல. நேரம்தான் கஷ்டம். அதை விளங்கிக்கொண்டா மற்ற முடிவெல்லாம் தானா வரும்.

சுற்று ஃபார் இன் எண்ட பழைய பங்களாவடியில தொடங்கும். இப்ப அதுதான் பார்வையாளர் நிலையம். அங்கிருந்து சின்ன உலக முடிவு வழியாப் பெரிய உலக முடிவுக்கு 4 கிலோமீற்றர். அதில இருந்து பேக்கர் நீர்வீழ்ச்சி 2 கிலோமீற்றர். மறுகா புல்வெளியால கிறுகி ஃபார் இன்னுக்கு வர 3.5. மொத்தம் 9.5 கிலோமீற்றர், நிண்டு பார்த்து நடக்க மூண்டு மணித்தியாலம், பிள்ளையோட நாலு. சின்ன உலக முடிவில பள்ளம் 270 மீற்றர் அளவு. பெரியதில 870 மீற்றருக்குக் கிட்ட நேர் கீழ விழுது. காலடியில நொன்பரெல் தேயிலைத் தோட்டம், அதுக்கு அப்பால உடவளவைப் பக்கத் தண்ணி, நல்ல தெளிவான நாளில தென்கடல் வரைக்கும் தெரியும்.

இதெல்லாம் ஒன்பது, ஒன்பதரை மட்டும்தான். விடிஞ்சு வெயில் ஏற ஏற, கீழ சமதரையில சூடான காற்று மலைமுகத்தைப் பிடிச்சு மேல வரும். 100 மீற்றர் ஏறினா ஏறக்குறைய ஒரு பாகை குளிரும். 870 மீற்றர் ஏறி முடியிறதுக்குள்ள அதில இருக்கிற ஈரம் முகிலாயிடும். பத்து மணிக்கு வேலியடியில நிண்டா முன்னால வெள்ளைச் சுவர்தான். கேற் காலைல ஆறு மணிக்குத் திறக்கும். சூரியன் எழும்புறதும் அந்த மாதத்தில ஆறு மணிக்குக் கிட்டத்தான். ஆறரை, ஆறேமுக்காலுக்குள்ள ஃபார் இன்னில இருந்து காலை வைச்சா எட்டு மணிக்கு உலக முடிவு. அதுக்குப் பிந்தி வெளிக்கிடுறவங்களில கனபேர் பள்ளத்தைப் பார்க்காமத்தான் திரும்புறாங்க.

கேற்றடியில ரிக்கற் வரிசை, பைச் சோதனை ரெண்டும் இருக்கு. சனி, ஞாயிறு, போயா, லீவு நாள் எண்டா வரிசையே முக்கால் மணித்தியாலம் தின்னும். கிழமை நாளில போங்க. எல்லாரும் அடையாள அட்டை கொண்டு போகணும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோட வாற சொந்தக்காரருக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு கூட.

படுவான்கரை

மழையா வெயிலா எண்டதுக்கு நான் சொல்றன். ரெண்டு கதையும் சரிதான், எந்தப் பக்கம் நிண்டு சொல்றாங்க எண்டதுதான் வித்தியாசம்.

நம்மட பக்கம் கச்சான் காற்று அடிக்கிற அதே மாதங்களிலதான் அங்க தென்மேற்குப் பருவக்காற்று. ரெண்டும் ஒரே காற்று. கடலில இருந்து ஈரத்தோட வந்து, மலையின்ட மேற்கு முகத்தில ஏறி மழையைக் கொட்டிப்போட்டு, காய்ஞ்ச காற்றா மலைக்குக் கிழக்கால இருக்கிற ஊவாப் பக்கம் இறங்கும். இறங்கும்போது அமுக்கம் கூடிச் சூடாகும். அதுதான் ஆடி, ஆவணியில வாவிக்கரை வயலையெல்லாம் வெடிக்கப் பண்றது. ஆல்ப்ஸ் மலையில இதே மாதிரி இறங்குற காற்றுக்கு ஃபோன் எண்டு பேர்.

ஹோர்ட்டன் சமவெளி அந்தக் காற்றின்ட நடு முகட்டில இருக்கு, 2100 மீற்றரில இருந்து 2300 மீற்றர் உயரத்தில. அதனால நுவரெலியா, பட்டிப்பொலப் பக்கம் தூறிக்கொண்டு இருக்க, ஓஹியப் பக்கம் வெயில் எறிக்கிறது அங்க சாதாரணம். பட்டிப்பொலைக்கும் ஓஹியவுக்கும் நடுவில ரயில் பாதை 1898 மீற்றரில உச்சியைத் தொட்டு ஒரு சுரங்கத்துக்குள்ள போகுது. அந்தச் சுரங்கத்தின்ட ஒரு வாசலில மழையும் மற்ற வாசலில வெயிலுமா இருக்கிறதை ரயிலில போற கனபேர் பார்த்திருப்பாங்க. நம்மட பக்கத்தால போறவங்க ஊவாவால ஏறி ஓஹியக் கேற்றால நுழையுறது தூரமும் குறைவு, றோட்டும் கூடுதலாக் காய்ஞ்சிருக்கும்.

குளிர்க் கணக்கு இது. 1000 மீற்றருக்கு 6.5 பாகை குறையும் எண்டு வைச்சா, மட்டக்களப்பில விடியக்காலம் 26 பாகை இருக்கக்குள்ள அங்க 12 பாகை. அந்த மாதத்தில காற்று ஓயாது, உலக முடிவு வேலியடியில இன்னும் கூட. உடம்புக்கு அது பத்துக்கும் கீழ. உடுப்பும் நனைஞ்சிட்டா வெடவெடக்கத் தொடங்கும்.

முதல் நாள் பின்னேரம் பொரலந்தைப் பக்கத்தில நிண்டு மேல பாருங்க. முகடு முழுக்க மேற்கிலிருந்து முகில் வழிஞ்சு வந்து இந்தப் பக்கம் கரைஞ்சு போய்க்கொண்டிருந்தா காற்று பலம். அடுத்த நாள் விடியலிலேயே மேல புகார், அதாவது மூடுபனி, இருக்கலாம். முகடு சுத்தமாத் தெரிஞ்சா நம்பிக்கையோட நித்திரைக்குப் போங்க.

கல்முனை ஸ்டியரிங்

ராவோட ராவா ஓடுறது வேணாம் தம்பி. செங்கலடியால போனாப் புல்லுமலை, மகா ஓயாப் பக்கமும், பொத்துவிலால போனா லகுகலைப் பக்கமும் இருட்டினாப் பிறகு யானை றோட்டுக்கு வரும். வளைவில லைற் அடிக்கிறதுக்குள்ள முன்னால நிற்கும். அதோட முழு ராவும் ஓடின றைவர்தான் அடுத்த நாள் அந்தச் செங்குத்து இறக்கத்தில வானை இறக்கணும். ஒரு நாள் முந்திப் பகலிலயே வெளிக்கிட்டு வெலிமடை, பண்டாரவளை, ஓஹிய இதில ஒரு இடத்தில படுங்க. கேற்றுக்குக் கிட்ட வேணுமெண்டா ஓஹிய.

றோட்டு இது. மட்டக்களப்பு ஆட்கள் செங்கலடியில ஏ5 றோட்டில கிறுகி மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை. அங்கிருந்து பொரலந்தையால ஓஹிய. அம்பாறை ரவுண் ஆட்கள் உகணையால மகா ஓயாவுக்கு வந்து சேரலாம். அக்கரைப்பற்றுக்குக் கீழ இரிக்கிறவங்களுக்கு ஏ4 சுகம். பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, மறுகா பண்டாரவளைக்கு ஏறுறது. டீசலைப் பண்டாரவளையில இல்லாட்டி வெலிமடையில நிரப்பிக்கொள்ளுங்க. மேல ஒண்டுமில்ல.

வானைப் பற்றி ரெண்டு விசயம். ஏறக்குள்ள என்ஜின் சூடாகும், அதுக்குக் கூலன்ற் மட்டம், ஃபேன் பெல்ற், றேடியேற்றர் மூடியின்ட றப்பர் மூண்டையும் ஊரிலயே பாருங்க. வெறும் தண்ணி ஊத்தி ஓடுறவங்கதான் கூடுதலா நடு ஏற்றத்தில நிற்கிறாங்க. இறங்கக்குள்ள பிரேக். எந்தக் கியரில ஏறினீங்களோ அதே கியரில இறங்கணும், ஓட்டோ கியர் எண்டா எல் இல்லாட்டி 2. மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டே வராம, இறுக்கி மிதிச்சு வேகத்தைக் குறைச்சுப்போட்டு விடுங்க. கருகின மணம் வந்தாலோ பெடல் பஞ்சு மாதிரி இறங்கினாலோ உடனே ஓரம் கட்டி அரை மணித்தியாலம் ஆற விடுங்க. சூடான டிரம்மில தண்ணி ஊத்தக்கூடாது, வெடிக்கும். பிரேக் ஒயில் காற்றில இரிக்கிற ஈரத்தைக் குடிக்கிற சாமான். ஈரம் குடிச்ச ஒயில் சூட்டில கொதிச்சுக் குமிழ் கட்டும், அதுக்குப் பிறகு பெடல் வேலை செய்யாது. நம்மட கடற்கரை வாகனங்களில ரெண்டு வருசத்துக்கு மேல பழசெண்டா மாத்திப்போட்டுப் போங்க.

புகாருக்குள்ள ஹை பீம் போடாதீங்க, வெளிச்சம் திரும்பி நம்மட கண்ணிலதான் அடிக்கும். லோ பீம் போதும். கண்ணாடி உள்ளுக்குப் பூத்தா ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்கு விடுங்க.

தாழங்குடா

சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்லயே. கேற்றில பையைத் திறந்து பார்ப்பாங்க. பொலித்தீன் உள்ள போகாது. லஞ்ச் ஷீற்றில சுத்தின சோத்துப் பார்சல், ஷொப்பிங் பேக், பிஸ்கற் கவர் எல்லாத்தையும் அங்கேயே கழட்டச் சொல்வாங்க. ஆறு மணிக்குப் பின்னால முப்பது வாகனம் நிற்கக்குள்ள பிஸ்கற்றைக் கவரில இருந்து பிரிச்சு எதில போடுறதெண்டு தேடிக்கொண்டு நிண்டா நேரம் போயிடும். தண்ணிப் போத்தல் கடையில வாங்கினதெண்டா அதில ஒட்டியிருக்கிற லேபிளையும் உரிக்கணும்.

வீட்டிலயே ஒழுங்கு பண்ணிக்கொள்ளுங்க. இடியப்பமும் புட்டும் வேணாம், குளிரில இறுகிப்போகும், கையாலயும் சாப்பிட ஏலாது. தேங்காய்ப்பூ ரொட்டி, அவிச்ச முட்டை, கட்டைச் சம்பல், வாழைப்பழம். ரொட்டியை வாட்டின வாழையிலையில சுத்தி, மேல கடதாசி, மறுகா ஒரு துணி. வறுத்த கச்சானும் பனங்கட்டியும் எவர்சில்வர் டப்பாவில. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணி கட்டாயம். குளிரில தாகம் தெரியாது, ஆனா காய்ஞ்ச காற்றில மூச்சாலயே நிறையத் தண்ணி போகும். பதினொரு மணிக்குத் தலையிடி எண்டு சொல்ற ஆட்களில பாதிப்பேருக்குத் தண்ணி குடிக்காததுதான் காரணம். ஒரு பிளாஸ்கில இஞ்சிப் பிளேன்ரீ வைச்சுக்கொள்ளுங்க, ஐம்பது தாண்டினவங்க இருக்காங்க எண்டீங்க.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவங்க வெறு வயித்தில மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கக்கூடாது. நாலு மணிக்கு எழும்பி, ஏழு மணிக்கு நடந்துகொண்டிருந்தா மருந்து, சாப்பாடு ரெண்டின்ட நேரமும் மாறிப்போகும். எப்பிடி எடுக்கிறதெண்டு முதலே டொக்டரிட்டக் கேட்டுக்கொள்ளுங்க, சேட்டுப் பையில ரெண்டு துண்டு பனங்கட்டியும் இருக்கட்டும். இழுப்பு இருக்கிறவங்க பம்பை உள் பொக்கற்றில வைங்க, குளிர்காற்று பட்ட உடன இழுக்கத் தொடங்கும்.

மலசலகூடம் ஃபார் இன்னடியில இருக்கு. பாதையில இல்ல. பிள்ளையை அங்கேயே கூட்டிப் போயிட்டு வெளிக்கிடுங்க.

கிரான் மலைவாசி

உடுப்பும் காலும் நான் சொல்றன். ஜீன்ஸ் வேணாம். நனைஞ்சாப் பாரம், காயாது. பருத்தி ரீசேட்டும் அப்பிடித்தான், வேர்வையைக் குடிச்சுக்கொண்டு முதுகில குளிரா ஒட்டியிருக்கும். விளையாட்டுக்குப் போடுற பொலியெஸ்ரர் சேட்டு உள்ளுக்கு, அதுக்கு மேல கம்பளிச் சட்டை, எல்லாத்துக்கும் மேல காற்றும் தூறலும் புகாத மழைச்சட்டை. நடக்கத் தொடங்கிப் பத்து நிமிசத்தில கம்பளி சுடும், அப்பவே கழட்டிப் பையில போடுங்க. வேர்த்தாப் பிறகு கழட்டினாக் கணக்கில்ல. உலக முடிவில நிற்கிறதுக்கு முந்தித் திரும்பப் போடுங்க. காது மூடுற தொப்பி பிள்ளைக்கு முக்கியம்.

பாதையில ரெண்டு விதமான நிலம். ஒண்டு வெள்ளைப் பளிங்குக் கல் கொட்டுண்ட மண், காய்ஞ்சிருந்தா உருளும். மற்றது கறுத்த ஈர மண்ணும் வேரும், சின்னக் காட்டுக்குள்ள போற இடமெல்லாம் அதுதான். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்குற துண்டு செங்குத்து. வேரில கால் வைச்சாச் சறுக்கும், வேருக்கு நடுவில வைங்க. பாட்டா செருப்போட அந்த இடத்தில இறங்குறதைப் பார்க்கவே பயமா இருக்கும். அடி பல்லு உள்ள சப்பாத்து, போட்டுப் பழகினது. புதுச் சப்பாத்து முதல் மூண்டு கிலோமீற்றரில குதிகாலைக் கொப்புளமாக்கும். உரசுற இடம் சூடாகத் தொடங்கின உடனேயே பிளாஸ்ரர் ஒட்டணும், கொப்புளம் வந்தாப் பிறகு ஒட்டினா நோவுதான் மிச்சம்.

உகந்தையில இருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால நடக்கிறவங்களுக்குத் தூரம் ஒரு பொருட்டில்ல. ஆனா அது கடல் மட்டத்துக்குக் கிட்ட. இங்க காற்றமுக்கம் கடற்கரையில இருக்கிறதில 78 வீதத்துக்குக் கிட்டத்தான், மூச்சுக்கு மூச்சு ஒட்சிசனும் அந்தளவுக்குக் குறையும். மலை வருத்தம் வாற உயரமில்ல, ஆனா முதல் ஏற்றத்தில மூச்சு வாங்கும். கதைச்சுக்கொண்டு நடக்க முடியிற வேகம் சரியான வேகம். முதல் நாள் ஓஹியவில, 1770 மீற்றரில படுத்தா இது கொஞ்சம் குறையும்.

உண்ணி இருக்கு. மரை நடமாடுற புல்லெல்லாம் இருக்கு. களிசானை மேசுக்குள்ள விட்டுக் கட்டுங்க, புல்லில குந்தாதீங்க. கடிச்சா நெருப்பு வைக்கிறது, மண்ணெண்ணெய் பூசுறது ஒண்டும் வேணாம். நுனி மெல்லிய இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு, திருகாம நேரா இழுங்க. உடம்பைப் பிடிச்சு இழுத்தாத் தலை உள்ளுக்குள்ள நிண்டு மாதக்கணக்கில சொறியும்.

வெயிலைக் குறைச்சு நினைக்காதீங்க. செப்டெம்பர் முதல் வாரத்தில சூரியன் மத்தியானத்தில இலங்கையின்ட இந்தப் பகுதிக்கு நேர் மேல. உயரம் 1000 மீற்றர் கூடினாப் புற ஊதாக் கதிர் 10 வீதமளவு கூடும். காற்று குளிரா இருக்கிறதால எரியிறது தெரியாது, ராத்திரி படுக்கக்குள்ள மூக்கும் பிடரியும் எரியும்.

சந்திவெளி

ஒரு மாற்றுக் கருத்து. ஆவணியில விடியலிலேயே புகார் நிற்கிற நாளும் இருக்கெண்டு படுவான்கரை அண்ணன் சொல்றார். அப்ப எல்லாரும் சொல்ற மாதிரி உலக முடிவுக்கு முதல் ஓடினா ஒண்டும் தெரியாது. அந்த நாளில பேக்கர் நீர்வீழ்ச்சியை முதல் பார்த்திட்டுச் சுற்றி வந்தா, அதுக்குள்ள புகார் கலையலாமே? மழைக்காலத்தில அருவியில தண்ணியும் நிறைய இருக்கும். பெலிஹுல் ஓயா 20 மீற்றர் உயரத்தில இருந்து முழு அகலத்துக்கும் விழும்.

வெள்ளாப்பு

தம்பி, புகாரில ரெண்டு சாதி. இரவுக் குளிரில புல்வெளிப் பள்ளத்தில தேங்கி நிற்கிற புகார் தரையோட இருக்கும், மேல வானம் வெளிச்சமாத் தெரியும், காற்று இருக்காது. அது வெயில் பட்டு ஏழரைக்குள்ள போயிடும். அதைக் கண்டு பாதையை மாத்தினா உலக முடிவுக்கு ஒன்பதரைக்குத்தான் போவீங்க, சரியா முகில் ஏறுற நேரம். மற்றது தென்மேற்குக் காற்றோட ஓடி வாற முகில். மரமெல்லாம் சொட்டும், முகத்தில ஈரம் அடிக்கும். அது அண்டைக்கு முழுக்க இருக்கலாம். அந்த நாளில மட்டும் நீங்க சொல்றது சரி, அருவியை முதல் பார்க்கலாம். மூடின வானத்தில அருவிப் படமும் நல்லா வரும், வெயிலில எடுத்தா நுரையெல்லாம் வெளிறிப்போகும்.

ஓடுற முகிலெண்டாலும் பள்ளத்தடியில அது இடைவெளி விட்டு விட்டுத்தான் வரும். இருபது, முப்பது நிமிசம் வேலியடியில காத்திருங்க, ஒரு நிமிசம் திறக்கும். அதுக்கு மேல நிண்டாக் குளிர்தான். வேலியைத் தாண்டி விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்கிறது கூடவே கூடாது. விளிம்பில புல் மூடின மண் வெளிய நீட்டிக்கொண்டு இருக்கும், கீழ பாறை இருக்காது. பிள்ளையின்ட கையைச் சின்ன உலக முடிவில இருந்தே பிடிச்சுக்கொள்ளுங்க. அருவியிலயும் இறங்கிக் குளிக்கத் தடை. கீழ நீரோட்டம் பலம், பாறை பாசி.

படுவான்கரை

பாதையை விட்டு இறங்காதீங்க எண்டு பலகை போட்டிருக்கிறதுக்குக் காரணம் ஆபத்து மட்டுமில்ல. அந்தக் கறுத்த மண் உக்கின புல்லும் பாசியும் சேர்ந்து கனகாலமா உண்டானது. தண்ணியைப் பிடிச்சு வைச்சு மெல்ல மெல்ல விடும். ஒரே இடத்தில ஆட்கள் மிதிச்சா இறுகி, மழைத் தண்ணி உள்ள போகாம வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடும். பாதையோரத்தில அரை மீற்றர் பள்ளமாப் போன இடங்களைப் பார்ப்பீங்க. மகாவலி, களனி, வளவை மூண்டுக்கும் தண்ணி இந்த மேட்டில இருந்து போகுது. மகாவலித் தண்ணி சுரங்கத்தால மாதுறு ஓயா வரைக்கும் வந்து நம்மட பக்க வயலுக்கும் பாயுது. அதனால இது யாரோ ஒருத்தற்ற மலை எண்டு நினைக்க ஏலாது.

மஞ்சள் பூவோட முள்ளுப் பத்தையாத் தெரியிறது ஐரோப்பாவில இருந்து வந்த கோர்ஸ். அழகெண்டு ஒடிச்சுக்கொண்டு வராதீங்க, அதோட விதையும் வேற இடத்துக்குப் போகும். ஃபார் இன்னடியில மரை கிட்ட வரும். ரொட்டித் துண்டு கூடக் கொடுக்கக்கூடாது. ஆட்கள் போட்ட பொலித்தீனைத் தின்று செத்த மரைகள் இருக்கு. பாதையோரத்து மரக்கொப்புகளை ஆறுதலாப் பாருங்க. மூக்கில சின்னக் கொம்போட ஒரு ஓணான், பெருவிரல் மொத்தம்கூட இல்ல, பாசியோட பாசியா ஒட்டியிருக்கும். கொம்பு ஆணுக்கு வெள்ளையா, தெளிவா இருக்கும். இலங்கையின்ட மலைக்காட்டைத் தவிர உலகத்தில வேற எங்கயும் அது இல்ல. பிடிக்காதீங்க, குனிஞ்சு பாருங்க.

கிரான் மலைவாசி

சுவிஸில இருந்து லீவுக்கு வாற சொந்தக்காரரோட போறவங்களுக்கு ஒரு சொல். அங்க மஞ்சள் பலகையில அடுத்த இடத்துக்கு எத்தனை நிமிசம் எண்டு எழுதியிருக்கும், மலைப்பாதைக்கு வெள்ளை சிவப்பு வெள்ளை, அதைவிடக் கடினமான ஆல்ப்ஸ் பாதைக்கு வெள்ளை நீலம் வெள்ளை அடையாளம் இருக்கும். கோடை கடைசியில பின்னேரம் இடி மழை வாறதால அங்கயும் விடியத் தொடங்கித்தான் நடப்பாங்க. இங்க அந்த மாதிரி அடையாளம் தேட வேணாம், சுற்று ஒண்டுதான், கிளை குறைவு. போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் இருக்கும், பிரியிறதுக்கு முந்தி எங்க சந்திக்கிறதெண்டு வாயால பேசிக்கொள்ளுங்க.

வாவிக்கரை

எல்லாருக்கும் பெரிய நன்றி. ரெண்டு கேள்வி மிச்சம். பிள்ளைக்கு ஏலாமப் போனா நடுவில குறுக்கு வழி இருக்கா? முடிச்சு அண்டைக்கே ஊருக்கு வரலாமா?

கல்முனை ஸ்டியரிங்

குறுக்கு வழி இல்ல தம்பி. முடிவெடுக்கிற இடம் சின்ன உலக முடிவு. அங்க பிள்ளை சோர்ந்திரிந்தா ஒரு பெரியவர் பிள்ளையோட வந்த வழியே திரும்பட்டும், மற்றவங்க சுற்றை முடிக்கட்டும். பெரிய உலக முடிவுக்குப் போயிட்டா முன்னால போனா அஞ்சரை, பின்னால வந்தா நாலு கிலோமீற்றர். கடைசி 3.5 கிலோமீற்றர் திறந்த புல்வெளி, நிழலில்ல, பிள்ளைகள் அழுறது அதிலதான். அதுக்கெண்டு ஒரு வாழைப்பழமும் அரைப் போத்தல் தண்ணியும் மிச்சம் வைங்க.

அண்டைக்கே வரலாம், ஒரு நிபந்தனையோட. பதினொரு மணிக்குள்ள கேற்றை விட்டு வெளிய வரணும். வெலிமடையில ஒரு மணிக்குச் சாப்பாடு. றைவர் அங்க முக்கால் மணித்தியாலம் கண் மூடட்டும். மூண்டரைக்குள்ள பதுளை தாண்டினா வெளிச்சம் அடங்குற நேரத்துக்கு மகா ஓயாவை விட்டுடலாம், நடுவில தேத்தண்ணிக்கு நீளமா நிற்கக்கூடாது. பதுளையிலயே நாலரை ஆகிட்டுதெண்டா ஓடாதீங்க, அங்கேயே ஒரு அறை எடுத்துப் படுத்திட்டு விடிய வாங்க. மண்சரிவால மலைறோட்டு எந்த நேரமும் பூட்டுப்படலாம், அதால ஊரில இருந்து வெளிக்கிடுற அண்டைக்குக் காலைல பதுளைப் பக்கம் தெரிஞ்ச ஆரிட்டயும் ஒருக்காக் கேட்டுப்போட்டு வானை எடுங்க.